வியட்நாமில் வடக்கிலிருந்து தெற்கே: ரயிலா, பேருந்தா, விமானமா?

வியட்நாம் போவதென்று முடிவாகி, விடுப்பும் சொல்லியாகிவிட்டால் அடுத்து வந்து நிற்கிற கேள்வி இதுதான்: ஹனோய்க்கும் சைகோனுக்கும் நடுவே கிடக்கிற 1,700 கிலோமீட்டரை எப்படிக் கடப்பது? நாடு அப்படிப்பட்டது. நீளம்தான் உண்டு, அகலம் இல்லை. நடுவில் டோங் ஹோய் பக்கம் கடற்கரையிலிருந்து லாவோஸ் எல்லைக்கு ஐம்பது கிலோமீட்டர் இருந்தால் பெரிது. எந்தத் திட்டம் போட்டாலும் கடைசியில் ஒரே கோட்டில் மேலிருந்து கீழே வருவதாகத்தான் முடியும். அந்தக் கோட்டில் ரயில் ஓடுகிறது, இரவெல்லாம் படுக்கைப் பேருந்துகள் ஓடுகின்றன, மேலே விமானங்கள் காலை முதல் இரவு வரை பறக்கின்றன.

"மூன்றில் எது நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மொத்தப் பாதைக்கும் சேர்த்து ஒரே பதில் தேடுவதுதான் சிக்கல் என்பது என் எண்ணம். பாதையை மூன்று துண்டாக்கிப் பாருங்கள். ஹனோயிலிருந்து ஹுவே வரை ஒன்று, ஹுவேயிலிருந்து டா நாங் வரை ஒன்று, டா நாங்கிலிருந்து சைகோன் வரை ஒன்று. முதலாவதுக்கு இரவு ரயில், இரண்டாவதுக்குப் பகல் ரயில் அல்லது வாடகைக் கார், மூன்றாவதுக்கு விமானம். ரயில் எட்டாத ஊர்களுக்கு மட்டும் பேருந்து. ஏன் இப்படிச் சொல்கிறேன், எப்போது இது மாறும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரசு ஆவணங்களில் ஹோ சி மின் நகரம். ரயில் நிலையத்தின் பெயரும் பயணச்சீட்டில் அச்சாவதும் சைகோன். விமான நிலையக் குறியீடும் எஸ்ஜிஎன்தான். பதிவு செய்யும்போது "ஹோ சி மின் என்று நிலையமே இல்லையே" என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று, எங்கே இறங்கி எங்கே ஏறுவது. ஹனோயில் இறங்கி சைகோனிலிருந்து திரும்புவதுபோல் எடுத்துவிட்டால் ஒரு முழு நாள் மிச்சம். திருச்சியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சைகோனுக்கு நேரடி விமானம் விட்ட பிறகு நம்மில் பலர் போக வரச் சைகோனையே எடுக்கிறார்கள். அதுவும் சரிதான். ஆனால் அப்படி எடுத்தால், இறங்கிய கையோடு உள்நாட்டு விமானத்தில் ஹனோய் போய்விட்டு அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள். சைகோனில் தொடங்கி மேலே ஏறி, மறுபடி கீழே வருவதில் அலுப்புதான் மிஞ்சும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இ-விசா வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை கொடுக்கிறார்கள்; ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50 டாலர். நுழையும் இடமும் வெளியேறும் இடமும் விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். எனவே பாதையை முடிவு செய்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.

முழுத் தூரமும் ரயிலில்

இந்த ஆசை பலருக்கு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட பாதை, 1936இல் முழுமையடைந்தது. போரில் துண்டு துண்டாகி, நாடு ஒன்றான பிறகு 1976 டிசம்பர் கடைசியில் மறுபடி இணைத்தார்கள். அதனால்தான் இதை மறு ஒருங்கிணைப்பு ரயில் என்கிறார்கள். 1,726 கிலோமீட்டருக்கு 33 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். ஏறக்குறைய அதே நேரத்தில் நம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து டெல்லிக்கே போய்விடும். அது 2,180 கிலோமீட்டர். இங்கே இன்னும் மீட்டர் கேஜ், பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் கேஜில் போன தலைமுறைக்கு அந்த ஆட்டம் உடனே பிடிபடும்.

ஓர் இரவு அந்த ஆட்டம் தாலாட்டு. இரண்டாவது நாள் மாலைக்குள் எப்போது இறங்குவோம் என்றாகிவிடும். பத்து நாள் பயணத்தில் ஒன்றரை நாளை ஒரே பெட்டியில் கழிக்க, ரயில் மீதே தீராத காதல் இருக்க வேண்டும். இருந்தால் போங்கள். மற்றவர்கள் துண்டு துண்டாகப் பார்ப்பது நல்லது.

ஹனோய் - ஹுவே: இரவு ரயிலுக்கு என் ஓட்டு

தூரம் 688 கிலோமீட்டர், ரயிலில் 13 மணி நேரத்தை ஒட்டி ஆகும். விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். காகிதத்தில் பார்த்தால் விமானம்தான் ஜெயிக்கும். நடைமுறைக் கணக்கு வேறு. ஹனோய் பழைய நகரத்திலிருந்து நொய் பாய் விமான நிலையம் 27 கிலோமீட்டர் போல. நெரிசலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். ஹுவேயில் ஃபூ பாய் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் இன்னும் பதினைந்து கிலோமீட்டர். எல்லாம் கூட்டினால் பகலில் அரை நாள் போய்விடும். அந்த அரை நாளில் ஹனோயில் ஒரு அருங்காட்சியகம் பார்த்துவிடலாம். இரவு ரயிலில் போனால் பகல் பொழுது கையில் நிற்கிறது, ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சம். இரண்டு ஊரிலும் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

ஹனோய் நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம்தான். இரண்டு பக்கமும் பிரெஞ்சுக் காலத்துச் சிறகுகள், நடுவில் மட்டும் ஒட்டாத ஒரு சிமெண்டுப் பெட்டி. 1972 டிசம்பரில் அமெரிக்கக் குண்டு விழுந்தது அந்த நடுப்பகுதியில்தான். பழையபடி கட்டாமல் அப்போதைய பாணியில் நிரப்பியிருக்கிறார்கள்.

ரயில் எண்களில் ஒரு சுலபமான வழக்கம் உண்டு. எஸ்இ 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் வருபவை தெற்கே போகும். இரட்டைப்படை வடக்கே வரும். ஹுவேக்கு மாலை ஏழு மணிக்கு மேல் கிளம்பும் வண்டிகளைப் பாருங்கள். காலையில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் கோட்டைக்குள் நுழைந்துவிடலாம். நுயென் அரச வம்சம் 1802 முதல் 1945 வரை ஆண்ட தலைநகரம் அது.

வகுப்புகள் நம் ஊரோடு ஓரளவு ஒத்துப்போகும். மென்படுக்கை என்பது நான்கு பேருக்கான மூடிய அறை, மேலே இரண்டு கீழே இரண்டு. கடினப் படுக்கை ஆறு பேருக்கு, மூன்றடுக்கு. இரண்டிலும் ஏசி இருக்கிறது, இரண்டிலும் மெத்தை இருக்கிறது. கடினம் என்ற பெயரைக் கேட்டுப் பலகை என்று நினைக்க வேண்டாம். வேறுபாடு மெத்தையின் தடிமனிலும் தலைக்கு மேல் இருக்கிற இடத்திலும்தான். ஆறு பேர் அறையின் உச்சிப் படுக்கை மலிவு. அதில் உட்காரவே முடியாது, ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். மென்படுக்கை அறையில் ஜன்னலோரம் ஒரு சிறு மேசை, தலைமாட்டில் ஒரு விளக்கு, உள்ளிருந்து தாழிடும் இழுகதவு. காலணியைக் கழற்றிக் கீழ்ப்படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால் நடுவில் இருவர் எதிரெதிரே நிற்கும் அளவுக்கு இடம் இருக்கும். பெட்டியின் ஒரு முனையில் கொதிநீர்க் குழாய் இருக்கும். இரவு எட்டரைக்கு மேல் ஆளாளுக்கு நூடுல்ஸ் கிண்ணத்தோடு அங்கே வரிசை கட்டுவார்கள்.

நான்கு பேர் குடும்பமாகப் போனால் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஓர் அறையே உங்களுடையது. இரண்டு பேராகப் போனால் இரண்டு அந்நியர்கள் கூட வருவார்கள்; ஆண் பெண் என்று பிரித்துக் கொடுப்பதில்லை. தனியாகப் போகும் பெண்களில் சிலர், கதவை மூடிக்கொள்ளும் நான்கு பேர் அறையைவிட ஆறு பேர் இருக்கும் அறையே பரவாயில்லை என்கிறார்கள். எது நிம்மதியோ அதை எடுங்கள். கீழ்ப்படுக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. பெரியவர்கள் இருந்தால் அதுதான் வேண்டும். மேலே ஏறுவதற்குச் சுவரில் மடக்குகிற ஒரு கால்பிடிதான் இருக்கும், ஏணி எதிர்பார்க்க வேண்டாம். நடுவழியில் ஏறுபவர்களுக்கு விரிப்பு புதிதாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மெல்லிய போர்வையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, நம் ரயில் பழகியவர்களுக்கு ஒன்றும் அதிர்ச்சி தராது.

விலை? நாளுக்கு நாள் மாறுகிறது. மென்படுக்கை பத்து லட்சம் டாங்கை ஒட்டி வரும். பதற வேண்டாம், ஒரு லட்சம் டாங் நம் பணத்தில் 330, 350 ரூபாய்தான். பேருந்து இதில் பாதிக்கும் குறைவு. முன்கூட்டியே எடுத்த விமானச்சீட்டு சில நாள் ரயிலுக்கு நிகராகவே இருக்கும். பெட்டிக்கும் இருக்கைக்கும் தனியாகக் காசு சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த நிகர் உடைந்துவிடும்.

சரி, பேருந்து ஏன் வேண்டாம்? வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வியட்நாம் படுக்கைப் பேருந்து நம் ஆம்னி ஸ்லீப்பர் மாதிரி இருக்காது. நீளவாக்கில் மூன்று வரிசை, இரண்டு அடுக்கு, நடுவில் இரண்டு ஒல்லியான சந்து. ஏறும்போதே உதவியாளர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுவார். செருப்பைக் கழற்றி அதில் போட்டுக் கையோடு எடுத்துப் போக வேண்டும். படுக்கை முழுதாகச் சாயாது. காலை நீட்டுவதற்கு, முன்னால் இருப்பவரின் முதுகுக்கு அடியில் ஒரு பெட்டி மாதிரி துவாரம் இருக்கும். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரம் உள்ளவர்கள் இரவு முழுக்க முழங்காலை மடித்தே கிடக்க நேரும். நள்ளிரவில் சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்கள். அப்போது வாசலில் ஒரு கூடை நிறைய ரப்பர் செருப்புகள் கொட்டிக் கிடக்கும். கிடைத்த ஜோடியை மாட்டிக்கொண்டு இறங்கி, திரும்பும்போது கூடையில் போட்டுவிட்டு ஏற வேண்டும். பல வண்டிகளில் கழிப்பறை இல்லை. ஹாரன் சத்தம் விடியும்வரை ஓயாது.

சில ஆண்டுகளாக வேறு வகை வண்டியும் வந்திருக்கிறது. இருபதுக்குச் சற்று மேலே தனித்தனி அறைகள், திரைச்சீலை, சார்ஜ் போட இடம். விலை அதிகம், ஆனால் கால் நீட்டலாம். பேருந்துதான் என்றால் இதைத் தேடி எடுங்கள். விளம்பரத்தில் பளபளக்கும் படத்தை நம்பாமல் எத்தனை படுக்கை என்று ஓர் எண் கேளுங்கள். நாற்பது என்றால் பழைய வகை. இருபத்திச் சொச்சம் என்றால் அறை வகை. வியட்நாமில் இரவு நெடுஞ்சாலை எனக்கு அவ்வளவு நம்பிக்கை தரும் இடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குகை பார்க்க ஆசை உள்ளவர்கள் ஹுவே வரை போகாமல் டோங் ஹோயில் இறங்கிவிடலாம். ஹனோயிலிருந்து 522 கிலோமீட்டர், விடிகாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து 45 கிலோமீட்டர் போல ஃபோங் ஞா. உலகத்திலேயே பெரிய குகையான சோன் டூங் அங்கேதான். அதற்குள் போவது ஆயிரக்கணக்கான டாலர் செலவு பிடிக்கும் மலையேற்றம். நம்மைப் போன்றவர்களுக்குச் சொர்க்கக் குகை போதும். 31 கிலோமீட்டர் நீளக் குகையில் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மரப்பாதை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள்.

ஹுவே - டா நாங்: இந்த நூறு கிலோமீட்டரில் அவசரப்பட வேண்டாம்

103 கிலோமீட்டர்தான். ஆனால் மொத்தப் பாதையிலும் கண்ணுக்கு விருந்து இங்கேதான். நடுவில் ஹை வான் மலை கடலுக்குள் கால் நீட்டி நிற்கிறது. அதைக் கடக்க மூன்று வழி: மலையின் கடலோர விளிம்பில் ரயில், மலை மேலே 21 கிலோமீட்டர் வளைந்து போகிற பழைய சாலை, மலையைக் குடைந்து போகிற சுரங்கம். 2005இல் திறந்த அந்தச் சுரங்கம் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பேருந்துகள் சுரங்கத்தில்தான் போகும். கடலும் தெரியாது, மலையும் தெரியாது. குழல்விளக்கு மட்டும் தெரியும். இந்தத் துண்டுக்குப் பேருந்தில் போவது காசை மிச்சப்படுத்தி, வந்த காரியத்தைக் கோட்டை விடுவது.

ரயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் எடுக்கும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். லாங் கோ தாண்டியதும் வண்டி வேகம் குறைந்து மேலேறும். ஒரு பக்கம் காடு ஜன்னலை உரசும். மறுபக்கம் நேர் கீழே பாறையும் நுரையும் ஆளில்லாத சின்னச் சின்ன மணல்திட்டுகளும். குட்டிக் குட்டிச் சுரங்கங்களுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும். இருக்கைப் பெட்டி போதும், படுக்கை தேவையில்லை. இந்தத் துண்டுக்கென்றே 2024 மார்ச்சில் ஒரு சுற்றுலா ரயிலும் விட்டார்கள். லாங் கோவில் பத்து நிமிடம் போல நிறுத்திப் படம் எடுக்க விடுகிறது.

கார் வைத்துக்கொண்டால் மலைமேல் சாலையில் போகலாம். உச்சியில் பழைய கோட்டைவாசல் இருக்கிறது. லாங் கோ காயலருகே ஒரு காப்பி, வேண்டிய இடத்தில் நிறுத்தம், டா நாங்கை அடுத்த பழைய ஊரான ஹோய் ஆனில் நேரே விடுதி வாசலில் இறங்கல். ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது. ரயிலில் வந்தாலும் டா நாங் நிலையத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் டாக்சி எடுத்தே ஆக வேண்டும். எனவே கணக்கு இப்படி: இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முதுகுப்பை என்றால் ரயில். அப்பா அம்மா, குழந்தைகள், நான்கு பெட்டி என்றால் கார். ஆளுக்குப் பிரித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் போகும் மோட்டார் சைக்கிள்காரர்களும் இருக்கிறார்கள், பெட்டியைத் தனியே வண்டியில் அனுப்பிவிடுவார்கள். வெயில் தாங்குபவர்களுக்கு அது நல்ல அனுபவம். நானே ஓட்டுகிறேன் என்று கிளம்புவது வேறு விஷயம். உங்கள் ஓட்டுநர் உரிமமும் பயணக் காப்பீடும் அங்கே செல்லுமா என்று பார்த்துவிட்டு அப்புறம் சாவியைக் கையில் வாங்குங்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு அங்கே துளி அனுமதியும் இல்லை. 2020 முதல் ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் குற்றம்தான்.

ஹுவேயில் இறங்க நாள் இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. ஹனோயில் மாலை வண்டியைப் பிடித்து நேரே டா நாங் போய்விடுங்கள். 791 கிலோமீட்டர், 16, 17 மணி நேரம். ஹை வானைக் கடக்கும்போது நன்றாக விடிந்திருக்கும், ஆகவே காட்சி தப்பாது. இதற்கும் கீழ்ப்படுக்கைதான் வேண்டும். மேலே படுத்திருந்தால் ஜன்னல் கண்ணுக்கு எட்டாது. பகலில் கீழ்ப்படுக்கை எல்லோருக்கும் உட்காருமிடம் ஆகிவிடும் என்பது நமக்குப் புதிதல்ல.

டா நாங் - சைகோன்: பேசாமல் பறந்துவிடுங்கள்

935 கிலோமீட்டர், ரயிலில் 17 மணி நேரத்துக்கு மேல். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஹனோய்க் கணக்கு இங்கே தலைகீழ். டா நாங் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நகர நடுவிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர். சைகோனில் டான் சோன் நியட்டும் அப்படித்தான், ஏழு கிலோமீட்டர் போல. சேவைகளும் நிறைய. ஹை வானுக்குப் பிறகு இந்தத் துண்டில் ரயிலில் பார்க்க அவ்வளவு பெரிதாக ஒன்றும் இல்லை என்றே சொல்வேன்.

அப்படி மிச்சமாகும் ஒரு நாளை டா நாங் பக்கமே செலவிடுங்கள். ஹோய் ஆனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் மி சோன். மத்திய வியட்நாமை முன்பு ஆண்ட சாம் மன்னர்கள் பல நூற்றாண்டுகளாகச் சிவனுக்குச் செங்கல் கோயில்கள் எழுப்பிய பள்ளத்தாக்கு. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் நிறுவிய பத்ரேசுவரர் இருந்த இடம். 1969இல் குண்டுவீச்சில் முக்கியமான கோபுரம் உட்பட நிறைய அழிந்தும் மிச்சம் நிற்பதே போதும், மனசு நின்றுவிடும். ஆவுடையாரையும் நந்தியையும் பார்த்துக்கொண்டே நடக்கும் நமக்கு அங்கே வழிகாட்டி சொல்லாமலே பாதி புரியும்.

பறந்துவிடுங்கள் என்பதற்குச் சில விலக்குகளும் உண்டு. வழியில் க்வி நொன் அல்லது நா ட்ராங் கடற்கரையில் இறங்கித் தங்குவதாக இருந்தால் ரயில் பொருந்தும். நா ட்ராங்கிலிருந்து சைகோன் ஓர் இரவு வண்டி, ஏழெட்டு மணி நேரம். நன்றாகத் தூங்கி எழுந்தால் சைகோன். டா லாட் மலைக்கு ரயிலே கிடையாது. பழைய பல்சக்கர ரயிலில் இப்போது மிச்சம் ஊருக்குள் ஓடும் ஏழு கிலோமீட்டர்தான். அங்கே பேருந்துதான், அதுவும் பகலில் போவது மேல். முய் நே கடற்கரைக்கும் பேருந்துதான் நடைமுறை. 2023இல் விரைவுச்சாலை திறந்த பிறகு நேரம் நன்றாகக் குறைந்துவிட்டது. வடக்கே சா பா மலையூரும் இதே கதை. ரயில் லாவ் காய் வரை எட்டு மணி நேரம், அப்புறம் 38 கிலோமீட்டர் மலைச்சாலை. பேருந்து ஐந்தாறு மணி நேரத்தில் நேரே மேலே கொண்டுபோய் விட்டுவிடும்.

மழை வந்தால் எல்லாக் கணக்கும் மாறும்

இதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. தீபாவளி விடுமுறையை ஒட்டிப் போகலாம் என்று கிளம்புகிறார்கள். அக்டோபரும் நவம்பரும் மத்திய வியட்நாமுக்குப் புயலும் வெள்ளமும் வரும் மாதங்கள். வடகிழக்குப் பருவக்காற்று நம்மை நனைக்கும் அதே நேரத்தில் ஹுவேயையும் ஹோய் ஆனையும் மூழ்கடிக்கிறது. 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேக்கு அருகே பாச் மா மலையில் ஒரே நாளில் 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே 1,400தான். ஹுவே வெள்ளக்காடானது, அந்த வழி ரயில்களும் நின்றன.

ஆகவே அந்த இரண்டு மாதங்களில் போவதாக இருந்தால் நான் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். நடுப்பகுதியையே விட்டுவிட்டு, வடக்கில் ஹனோய், நின் பின், ஹா லாங். அங்கிருந்து பறந்து தெற்கில் சைகோன், மேகாங் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கோடை விடுமுறையில் போகிறவர்களுக்குக் கவலையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நடுப்பகுதி வறண்டு கிடக்கும். வெயில் கொளுத்தும்; அது நமக்குப் பழகியதுதான்.

மழையில்லாத காலத்திலும் பழைய ரயில் பாதைக்கு அதன் பாடு உண்டு. 2024 ஏப்ரலில் தெற்கு நடுப்பகுதியில் பாய் ஜியோ சுரங்கம் சரிந்து பத்து நாள் போலப் பாதை அடைபட்டது. பயணிகளை இறக்கிப் பேருந்தில் ஏற்றி, மறுபக்கம் நிற்கும் ரயிலில் விட்டார்கள். ஒரு நாளாவது இடைவெளி இல்லாமல் திட்டம் போட்டால் இப்படி ஒன்று நடக்கும்போது எல்லாம் கலைந்துவிடும்.

டெட் என்னும் சந்திரப் புத்தாண்டு வேறு இருக்கிறது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு முந்தைய வாரம் நாடே ஊருக்குக் கிளம்பும்; நம் பொங்கல் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில், பேருந்து, விமானம் எதிலும் இடமிருக்காது, இருந்தாலும் விலை கேட்க முடியாது.

வழியில் சாப்பாடு

சைவர்களுக்கு மூன்றில் எதுவுமே சொர்க்கம் இல்லை. ரயிலில் தள்ளுவண்டி வரும்: சோறு, ஏதாவது ஒரு கறி, கஞ்சி, காப்பி. கஞ்சியிலும் கோழி இருக்கும். காய்கறி மட்டும்தான் என்று காட்டினாலும் மீன் சாறு விட்டுத்தான் வதக்கியிருப்பார்கள். "அன் சாய்" என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் ரயில் வண்டிக்காரரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஹனோயிலும் ஹுவேயிலும் பௌத்தச் சைவ உணவகங்கள் நிறைய. குறிப்பாக ஹுவேயில் சாப்பாடு அபாரம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல வியட்நாமியர்களே சைவம்தான் சாப்பிடுவார்கள். ஏறுவதற்கு முன் அங்கே ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பன் மீ ரொட்டிக்குள் முட்டை மட்டும் வைத்துத் தரச் சொல்வது முட்டை சாப்பிடுபவர்களுக்குச் சுலபமான வழி. ஊரிலிருந்து புளிக்காய்ச்சல் கொண்டுபோகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். பெட்டி முனையில் கொதிநீர் எப்போதும் இருக்கிறது, உப்புமா மிக்ஸ்கூட எடுத்துப் போகலாம்.

சீட்டு எடுக்கும்போது

ரயிலுக்கு வியட்நாம் ரயில்வேயின் சொந்த இணையதளத்திலேயே எடுக்கலாம், ஆங்கிலப் பக்கமும் உண்டு. வெளிநாட்டு அட்டை சில நேரம் ஏற்காது; அப்போது இடைத்தரகர் தளங்களில் கொஞ்சம் கமிஷன் கொடுத்து எடுக்க வேண்டிவரும். கீழ்ப்படுக்கைகள் முதலில் தீர்ந்துவிடும், எனவே தேதி உறுதியானதும் எடுத்துவிடுங்கள். பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். அப்பா பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதில் எப்போதும் ஒரு தடுமாற்றம் வரும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், விசாவில் எப்படி வந்திருக்கிறதோ அதே வரிசையில் எல்லாச் சீட்டிலும் போடுங்கள்.

மலிவு விமானங்களில் கைப்பை ஏழு கிலோதான், வாயிலில் எடை போட்டுப் பார்ப்பதும் உண்டு. பெட்டிக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் பாதி விலை. கடைசிச் சேவையை எடுக்காதீர்கள். காலையில் தொடங்கிய தாமதம் சேர்ந்து சேர்ந்து இரவில் வந்து நிற்கும். பேருந்துக்கு விடுதியிலேயே சொல்லி எடுக்கலாம், வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். நடுவில் கைக்காசு கொடுக்கும்போது மட்டும் நோட்டைக் கவனியுங்கள்: இருபதாயிரமும் ஐந்து லட்சமும் ஏறக்குறைய ஒரே நீலம். மங்கிய வெளிச்சத்தில், இறங்குகிற அவசரத்தில், டாக்சிக்காரரிடம் தவறிப் போவது இங்கேதான்.

கடைசியாக, சைகோனிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மாலையில் பென் தான் சந்தைக்கு அருகே இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போய் வரலாம். தமிழ் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பியது, இன்று வியட்நாமியர்கள்தான் அங்கே அதிகம் கும்பிடுகிறார்கள். அதே நாளில் டா நாங்கிலிருந்து வந்து இணைவதாக இருந்தே ஆகவேண்டும் என்றால் குறைந்தது ஐந்து மணி நேரம் இடைவெளி வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுச் சேவைகளில் பெரும்பகுதி புதிய மூன்றாம் முனையத்துக்குப் போய்விட்டது. பன்னாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்தில். இரண்டும் தனித்தனிச் சீட்டென்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கே போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.